மட்டில் வரும் லிங்க்கை உடையாமல் திறப்பது எப்படி?

கேள்வி இதுதான்: “டெர்மினலில் மட் என்ற மின்னஞ்சல் நிரலை வைத்து மடல் படிக்கிறேன். நீளமான லிங்க் வந்தால் மவுஸால் இழுத்து நகலெடுக்கிறேன், பாதி நேரம் உடைந்த முகவரிதான் உலாவியில் திறக்கிறது. மடலில் உள்ள லிங்க்குகளைப் பட்டியலிடும் யுஆர்எல்வியூ நிரலைப் போட்டுப் பார்த்தேன். சில மடல்களில் லிங்க்கே இல்லை என்கிறது, சிலவற்றில் தப்பான லிங்க்கைக் காட்டுகிறது. உருப்படியான வழி ஏதாவது இருக்கிறதா?”

இருக்கிறது. யுஆர்எல்ஸ்கேன் என்ற சின்ன நிரலை நிறுவுங்கள். மடலை மட் டீகோட் செய்யாமல் (குறிமுறையை அவிழ்க்காமல்), வந்தபடியே அதற்கு அனுப்புங்கள். நிறுவுவதை எல்லோரும் செய்துவிடுகிறார்கள், அனுப்பும் விதத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். அதனால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

திரையில் நீங்கள் பார்ப்பது மடல் அல்ல, மடலை மட் உங்களுக்காக வரைந்து காட்டும் ஒரு வடிவம். வரி நீளமாக இருந்தால் மட் அதை மடக்கி, அடுத்த வரியின் தொடக்கத்தில் ஒரு + குறி போடும். மடலில் அந்தக் குறி கிடையாது. மவுஸால் இழுத்தால் முகவரியின் நடுவில் அந்த +, கூடவே ஒரு வரி முறிவு, இரண்டும் சேர்ந்து வந்துவிடும். ‘மார்க்கர்ஸ்’ என்ற அமைப்பை அணைத்தால் + போய்விடும், அதை இன்றைக்கே அணைத்துவிடுங்கள். ஆனால் வரி முறிவு பல டெர்மினல்களில் அப்படியேதான் இருக்கும். கிட்டி போன்ற டெர்மினல்களில் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-இ அழுத்தினால் திரையில் தெரியும் லிங்க்குகளைத் தானே கண்டுபிடித்துத் திறக்கும். நல்ல வசதிதான், ஆனால் அதுவும் திரையைத்தான் பார்க்கிறது. “இங்கே சொடுக்கவும்” என்று மட்டும் தெரியும் எச்டிஎம்எல் மடலில் அதனால் எதுவும் செய்ய முடியாது.

மடலுக்குள் நிலைமை வேறு. மின்னஞ்சல் பிறந்த காலத்தில் 7 பிட் எழுத்துகள், குட்டையான வரிகள் என்று வைத்த விதியை இன்றும் பெரும்பாலான மடல்கள் மதித்தே வருகின்றன. 1992-ல் வந்த மைம் என்ற மின்னஞ்சல் தரப்படுத்தல் அந்த விதிக்குள் எல்லாவற்றையும் அடக்க இரண்டு வழி வைத்தது. ஒன்று கோட்டட்-பிரின்டபிள், இன்னொன்று பேஸ்64.

கோட்டட்-பிரின்டபிளில் ஒரு வரிக்கு 76 எழுத்துதான் இடம். அதைத் தாண்டினால் வரியின் கடைசியில் ஒரு சமக்குறி போட்டு அடுத்த வரியில் தொடர வேண்டும். சமக்குறிக்கு இப்படி ஒரு வேலை வந்துவிட்டதால், உள்ளடக்கத்தில் உண்மையாகவே வரும் சமக்குறியை ‘=3டி’ என்று மூன்று எழுத்தாக எழுத வேண்டும் (டி இடத்தில் ஆங்கில எழுத்து வரும்). கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி வரும் லிங்க்கை எண்ணிப் பாருங்கள். கேள்விக்குறிக்குப் பிறகு ஒரு பெயர், ஒரு சமக்குறி, நீளமான ஒரு டோக்கன். டீகோட் செய்யாத நிரல் அந்த மடலைப் படித்தால் சமக்குறிக்குப் பின்னால் 3டி ஒட்டிக்கொண்ட, 76-வது எழுத்தோடு அறுந்துபோன முகவரிதான் கிடைக்கும். உலாவியில் திறந்தால் “இந்த லிங்க் செல்லாது” என்று வரும். மடலிலும் குறையில்லை, தளத்திலும் குறையில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். விக்கிப்பீடியாவில் ‘தமிழ்’ என்ற கட்டுரையின் முகவரியையே எடுத்துக்கொள்ளுங்கள். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஒருங்குறியில் அந்தச் சொல் ஐந்து குறியீடுகள். யுடிஎஃப்-8-ல் ஒவ்வொன்றும் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு % குறியும் இரண்டு எழுத்துமாக மாறும். ஆக, அந்த ஒரு சொல்லுக்கு 45 எழுத்து. அதற்கு முன்னால் வரும் விக்கிப்பீடியா பகுதி 30. மொத்தம் 75, கடைசிச் சமக்குறியையும் சேர்த்தால் 76. ஒரே ஒரு சொல்லுக்கே ஒரு வரி முழுதும் நிரம்பிவிட்டது. இரண்டு சொல் தலைப்பு என்றால் உடைந்தே தீரும்.

பேஸ்64 இன்னும் முழுமையாக மறைத்துவிடும். மடலின் உடல் முழுவதும் புரியாத எழுத்துக் குவியலாக மாறிவிடுவதால், அதில் முகவரி என்று தேடினால் ஒன்றுமே அகப்படாது. தமிழ் மடல்கள் நிறைய இப்படித்தான் வருகின்றன. கோட்டட்-பிரின்டபிளில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்தாக வீங்கும். பேஸ்64-ல் மூன்று பைட் நான்கு எழுத்தாவதோடு சரி. அதனால் பல நிரல்கள் தமிழுக்குப் பேஸ்64-ஐத் தேர்ந்தெடுக்கின்றன. “லிங்க்கே இல்லை என்கிறது” என்று எழுதியிருந்தீர்களே, பெரும்பாலும் அதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இப்போது யுஆர்எல்வியூவுக்கு வருவோம். மட்டை எழுதிய மைக்கேல் எல்கின்ஸ் எழுதியதுதான் அதுவும். தனக்குள் வரும் உரையில் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷனை (எழுத்து வடிவத்தைத் தேடும் சூத்திரம்) ஓட்டி, பொருந்துவதைப் பட்டியலாகக் காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை, மைம் பற்றி அதற்குத் தெரியாது. எளிய உரை மடல்களின் காலத்தில் அது போதுமானதாக இருந்தது. இன்று அதை வைத்திருப்பவர்கள் ஒரு பொறியில் மாட்டிக்கொள்கிறார்கள். மட்டில் ‘பைப்_டீகோட்’ என்று ஒரு அமைப்பு உண்டு. அது அணைந்திருந்தால் மடல் வந்தபடியே பைப்பில் (வேறு நிரலுக்கு அனுப்பும் வழியில்) போகும், யுஆர்எல்வியூவுக்கு மேலே சொன்ன 3டி-யும் அறுந்த வரிகளும்தான் கிடைக்கும். அதைப் போட்டுவிட்டால் மட் டீகோட் செய்து அனுப்பும், ஆனால் எச்டிஎம்எல் பகுதியை டபிள்யூ3எம் போன்ற ஓர் உரை உலாவியின் வழியாக வெறும் உரையாக்கித்தான் அனுப்பும். “இங்கே சொடுக்கவும்” என்ற சொற்கள் வந்து சேரும், அவற்றுக்குப் பின்னால் இருந்த முகவரி வராது. எந்தப் பக்கம் போனாலும் ஒரு வகை மடல் கெட்டுப்போகும்.

இன்னொரு குறையும் உண்டு. முகவரியின் கடைசி எழுத்து அடைப்புக்குறியாக இருந்தால், அது வாக்கியத்தைச் சேர்ந்தது என்று நினைத்து யுஆர்எல்வியூவின் இயல்பு எக்ஸ்பிரஷன் வெட்டிவிடும். பெரும்பாலும் அது சரியான ஊகம்தான். ஆனால் விக்கிப்பீடியாவில் ஒரே பெயரில் பல கட்டுரைகள் இருந்தால் தலைப்பு அடைப்புக்குறியில்தான் முடியும். அங்கே லிங்க் வேறு பக்கத்துக்குப் போகும், அல்லது பக்கமே இல்லை என்று வரும்.

யுஆர்எல்ஸ்கேன் இந்த முடிச்சை அவிழ்ப்பதற்காகவே எழுதப்பட்டது. தொடங்கியவர் டேனியல் பரோஸ், இப்போது பராமரிப்பவர் ஸ்காட் ஹேன்சன். பைத்தானில் எழுதியது, திரை வேலைக்கு அர்விட் நூலகத்தைப் பயன்படுத்துகிறது. டெபியன், உபுண்டு, ஆர்ச் மூன்றிலும் இதே பெயரில் பொதியாகக் கிடைக்கும். மடலை மைம் அமைப்போடு தானே பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் தானே டீகோட் செய்கிறது. எச்டிஎம்எல் பகுதியில் ஒவ்வொரு லிங்க்கின் உண்மையான முகவரியையும் எடுக்கிறது. அதனால்தான் அதற்கு மடல் பச்சையாகப் போக வேண்டும். மட் முந்திக்கொண்டு டீகோட் செய்துவிட்டால், யுஆர்எல்ஸ்கேன் படிக்க வேண்டிய எச்டிஎம்எல்லே அதற்குள் காணாமல் போயிருக்கும்.

எனவே உங்கள் அமைப்புக் கோப்பில் முதலில் பைப்_டீகோட் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இயல்பாக அது அணைந்தே இருக்கும். யுஆர்எல்வியூவுக்காக எழுதிய பழைய குறிப்பு எதையாவது பார்த்து நீங்கள் போட்டிருக்கலாம், அந்த வரியை எடுத்துவிடுங்கள். அடுத்து, இண்டெக்ஸ் (மடல் பட்டியல்), பேஜர் (மடல் படிக்கும் திரை) இரண்டுக்கும் சேர்த்து கன்ட்ரோல்-பி விசைக்கு (ஆங்கில வரிசையில் இரண்டாவது எழுத்து) ஒரு மேக்ரோ, அதாவது ஒரே விசையில் ஓடும் கட்டளைத் தொடர். அதில் ‘பைப்-மெசேஜ்’ செயல், பிறகு யுஆர்எல்ஸ்கேன் என்ற கட்டளை, பிறகு என்டர். மட்டோடு வரும் மாதிரி அமைப்புக் கோப்பில் யுஆர்எல்வியூவுக்கு இதே விசையில் ஒரு மேக்ரோ இருக்கும், பெயரை மாற்றினாலே போதும். மட்டிலிருந்து பிரிந்து வந்த நியோமட்டிலும் இதே முறைதான்.

ஒரே டெர்மினலில் பல திரைகள் தரும் டிமக்ஸுக்குள் மட் ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கன்ட்ரோல்-பி டிமக்ஸின் சொந்த விசை. இயல்பான அமைப்பில் இரண்டு தடவை அழுத்தினால்தான் மட்டுக்குப் போய்ச் சேரும். எரிச்சலாக இருந்தால் வேறு விசை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், யுஆர்எல்ஸ்கேனை மூடியதும் “ஏதாவது ஒரு விசையை அழுத்தவும்” என்று மட் ஒவ்வொரு முறையும் நின்றால், ‘வெயிட்_கீ’ அமைப்பை அணைத்துவிடுங்கள்.

பச்சையாக அனுப்ப வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு விலக்கு, மறையாக்கிய மடல்கள். பிஜிபி என்ற மறையாக்க முறையில் வந்த மடலைப் பச்சையாக அனுப்பினால் உள்ளே மறையெழுத்துதான் இருக்கும், யுஆர்எல்ஸ்கேனிடம் சாவி இல்லை. அந்த மாதிரி மடல்களுக்கு மட்டும் இன்னொரு விசையில் தனி மேக்ரோ வையுங்கள். அது பைப்_டீகோட்டைப் போட்டு, மடலை அனுப்பி, மறுபடி அணைத்துவிட வேண்டும். அதில் எச்டிஎம்எல் லிங்க்குகள் போகும், அதற்கு வழியில்லை. ஆனால் பிஜிபி பயன்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் வெறும் உரையில்தான் எழுதுகிறார்கள், அதனால் நடைமுறையில் பெரிய இழப்பாகத் தெரியாது.

நிரல் திறந்ததும் மடலின் உரைத் துணுக்குகளும் அவற்றுக்கு நடுவே எண்ணிட்ட லிங்க்குகளும் தெரியும். சுற்றியுள்ள உரையையும் சேர்த்துக் காட்டுவதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. பத்துப் பதினைந்து முகவரிகளை வரிசையாக அடுக்கினால் எது ரசீது, எது விளம்பரம், எது குழுவிலிருந்து விலகும் லிங்க் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் இருக்கும் சொற்களைப் பார்த்தால் உடனே தெரியும். வேண்டாதபோது ஆங்கில சிறிய ‘சி’ அழுத்தி உரையை மறைக்கலாம். ‘ஜே’, ‘கே’ கீழும் மேலும் போக. எண்ணை அழுத்தினால் அந்த எண் லிங்க்குக்குத் தாவும், என்டர் அழுத்தினால் திறக்கும், சாய்கோடு அழுத்தித் தேடலாம், ‘க்யூ’ வெளியேற. பெரிய ‘சி’ முகவரியை கிளிப்போர்டுக்கு நகலெடுக்கும், அதற்கு எக்ஸ்கிளிப் அல்லது எக்ஸ்செல் போன்ற கிளிப்போர்டு நிரல் ஒன்றை நிறுவியிருக்க வேண்டும். இன்றைய மடல்கள் பலவற்றில் ஒரே செய்தி வெறும் உரையாகவும் எச்டிஎம்எல்லாகவும் இரண்டு பகுதியாக இருக்கும், அதனால் ஒவ்வொரு லிங்க்கும் இரண்டு முறை வரலாம். ‘டீடூப்’ என்ற விருப்பத்தை மேக்ரோவிலேயே சேர்த்துவிட்டால் ஒன்றுதான் நிற்கும். ஒன்றைத் திறந்ததும் மடலுக்குத் திரும்ப வேண்டும் என்றால் ‘சிங்கிள்’ விருப்பம்.

நீளமான முகவரியைத் திரைக்கு ஏற்றபடி சுருக்கித்தான் காட்டும், ‘எஸ்’ அழுத்தினால் முழுதும் விரியும். பணம், கடவுச்சொல், அரசு ஆவணம் சம்பந்தப்பட்ட மடல் என்றால் விரித்துப் பார்க்காமல் என்டர் அழுத்தாதீர்கள். வங்கியின் முகவரியை எழுத்தாகக் காட்டி, பின்னால் வேறு தளத்துக்குக் கொண்டுபோவதுதான் மோசடி மடல்களின் பழைய வித்தை. உலாவியில் படித்தால் மவுஸை அந்த எழுத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தி, மூலையில் தெரியும் சிறு எழுத்தைப் பார்க்க வேண்டும், பலர் பார்ப்பதில்லை. இங்கே காட்டிய எழுத்தும் உண்மை முகவரியும் கண் முன்னால் ஒன்றாக நிற்கின்றன. முகவரியைப் படிக்கும்போது இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு முதல் ஒற்றைச் சாய்கோடு வரை உள்ள பகுதியை மட்டும் எடுத்து, அதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். தளத்தின் உரிமையாளர் வலது கோடியில்தான் இருப்பார். இடது பக்கம் யாருடைய பெயரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

அந்தப் பகுதியில் ‘எக்ஸ்என்’ என்று தொடங்கி இரண்டு சிறுகோடு வந்தால், ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் பதிவான பெயர் என்று பொருள். அது தானாகவே சந்தேகத்துக்குரியது ஆகிவிடாது. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் மூன்றும் உள்ளுக்குள் அப்படித்தான் எழுதப்படுகின்றன. ஆனால் ஆங்கிலத்தில் மட்டுமே இயங்கும் ஒரு நிறுவனத்தின் மடலில் அது வந்தால் நின்று யோசியுங்கள். லத்தீன் எழுத்துப் போலவே தோன்றும் சிரிலிக் எழுத்துகளால் ஆப்பிளின் தளப் பெயரை அச்சாக எழுதிக்காட்ட முடியும் என்று 2017-ல் ஒரு ஆய்வாளர் நிரூபித்துக் காட்டினார்.

வேறு தளத்தின் பெயர் தெரிந்தாலே மோசடி என்றும் முடிவு கட்ட வேண்டாம். செய்தி மடல்கள் தங்கள் லிங்க்குகளை ஒரு கண்காணிப்பு வழங்கி வழியாகத் திருப்பிவிடுகின்றன. ஒவ்வொருவருக்கும் தனி அடையாளம் அதில் இருக்கும், நீங்கள் திறந்தது அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். அலுவலக மடல்களில் மைக்ரோசாஃப்டின் சேஃப் லிங்க்ஸ் போன்ற பாதுகாப்பு வசதிகள் எல்லா லிங்க்கையும் தம் முகவரியாக மாற்றிவிடும். உண்மையான முகவரி அதற்குள்ளேயே % குறிகளோடு ஒளிந்திருக்கும், கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் தெரியும். செய்தி மடலிலிருந்து விலகுவதற்கு உடலில் இருக்கும் லிங்க்கைத் தேடவே வேண்டாம். மட்டில் ‘எச்’ அழுத்தி முழுத் தலைப்புகளையும் திறந்து ‘லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்’ வரியைப் பாருங்கள். 1998 முதல் தரப்படுத்தலில் இருக்கும் வரி அது, ஒழுங்காக அனுப்புகிறவர்கள் கட்டாயம் வைக்கிறார்கள்.

திறப்பது எந்த நிரல் என்ற கேள்விக்கு, பெரும்பாலான லினக்ஸ் மேசைகளில் எதுவும் செய்ய வேண்டியதில்லை, உங்கள் இயல்பு உலாவியே திறக்கும். மாற்ற வேண்டுமென்றால் ‘பிரவுசர்’ என்ற சூழல் மாறியில் உலாவியின் பெயரை வையுங்கள். காணொளி என்றால் எம்பிவி இயக்கி, பிடிஎஃப் என்றால் வேறொன்று என்று பிரித்து அனுப்ப நினைத்தால் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி அதை ‘ரன்’ விருப்பத்தில் கொடுக்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. ரன் விருப்பம் முகவரியை ஷெல் (கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) வழியாக ஓட்டுகிறது. ஷெல்லுக்கு & குறி என்றால் “இதுவரை உள்ளதைப் பின்னணியில் ஓட்டு” என்று பொருள். இன்றைய முகவரிகள் பலவற்றில் & இருக்கிறது. மேற்கோள் குறி இல்லாமல் போனால் முதல் & வரை உள்ள பகுதிதான் உலாவிக்குப் போகும், மிச்சத்தை ஷெல் தனிக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். அரைப்புள்ளி, டாலர் குறி, பின்சாய்ந்த மேற்கோள் எல்லாவற்றுக்கும் ஷெல்லில் வேலை உண்டு. மடலில் வரும் முகவரியை எழுதியவர் முன்பின் தெரியாத யாரோ ஒருவர். அவர் எழுதியதை உங்கள் ஷெல்லிடம் கொடுப்பது என்பது அவரையே உங்கள் விசைப்பலகையில் உட்காரவைப்பது. இதற்காகத்தான் ‘ரன்-சேஃப்’ என்று தனி விருப்பம் வைத்திருக்கிறார்கள், அது ஷெல்லைத் தொடாமல் நிரலை நேரடியாக ஓட்டும். எப்போதும் அதையே பயன்படுத்துங்கள். உங்கள் ஸ்கிரிப்டுக்குள்ளும் முகவரி வைத்த மாறியை இரட்டை மேற்கோளுக்குள் எழுதுங்கள்.

மட் தொலைவில் ஒரு சர்வரில் ஓடுகிறது, நீங்கள் எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக நுழைகிறீர்கள் என்றால் கதை மாறும். என்டர் அழுத்தினால் சர்வரில்தான் உலாவி திறக்கும். அங்கே வரைகலைத் திரை இல்லாததால் டபிள்யூ3எம் போன்ற உரை உலாவி ஏதாவது இருந்தால் அதில் திறக்கும். செய்தி படிக்க அதுவே போதும், ஆனால் வங்கித் தளம் அதில் ஓடாது. அப்போது ‘நோ-பிரவுசர்’ விருப்பத்தோடு இன்னொரு மேக்ரோ வையுங்கள். தேர்வுத் திரை இல்லாமல், மடலில் உள்ள முகவரிகளை மட்டும் வரிக்கு ஒன்றாக அச்சிடும். இதற்கு மட்டும் வெயிட்_கீ போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பட்டியல் மின்னி மறைந்துவிடும். மட்டின் மடக்கலும் + குறியும் இடையில் இல்லாததால், திரையை விட நீளமான முகவரியைக்கூட டெர்மினல் ஒரே வரியாகவே கருதும். மவுஸால் எடுத்து உங்கள் மடிக்கணினி உலாவியில் ஒட்டிக்கொள்ளலாம்.

மட் இல்லாதவர்களுக்கு: ஆல்பைனில் லிங்க்குகளை அம்பு விசையால் தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. ஏர்க்கில் ‘ஓப்பன்-லிங்க்’ என்ற கட்டளை உண்டு. ஈமேக்ஸில் நாட்மச் வைத்திருப்பவர்களுக்கு, ஆங்கில வரிசையின் இரண்டாவது எழுத்தான பெரிய ‘பி’ விசை இந்த வேலையைச் செய்யும். பெர்லில் எழுதிய எக்ஸ்ட்ராக்ட்_யுஆர்எல் என்ற நிரலும் மைமைப் புரிந்துகொள்ளும், யுஆர்எல்ஸ்கேனை நிறுவ முடியாத பழைய சர்வரில் அதை முயலலாம்.

கடைசியாக, நீங்கள் லிங்க் அனுப்பும்போது அதைத் தனி வரியில், < > குறிகளுக்குள் வைத்து அனுப்புங்கள். முகவரி எழுதும் முறைக்கான 2005-ஆம் ஆண்டுத் தரப்படுத்தலே உரைக்குள் முகவரியை இப்படி அடைக்கச் சொல்கிறது. அடைப்புக்குறியில் முடியும் விக்கிப்பீடியா லிங்க்கும், வாக்கியத்தின் கடைசிப் புள்ளியை ஒட்டி வரும் லிங்க்கும் எங்கே முடிகின்றன என்று படிக்கும் நிரலுக்கு அப்போது சந்தேகமே வராது. பெறுகிறவர் இன்னும் யுஆர்எல்வியூவில் இருந்தாலும், அந்த வகை மடல்களில் பாதிச் சிக்கல் உங்கள் பக்கத்திலேயே தீர்ந்துவிடும்.